டெக்னீசியன் இல்லை, மேனேஜர்

10.2.87, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு முருங்கை மரமே தெரியவில்லை. மூக்கடைப்பு. மாத்திரை ஒன்று, வெந்நீர் இரண்டு டம்ளர்.

இது போன வருட டைரி. பாதிக்கு மேல் காலி. தேதியை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். புது டைரி என்றால் மல்லிகா பிரித்துப் பார்ப்பாள். பழசென்றால் சீண்டமாட்டாள். பெண்டாட்டி படிக்காத இடம் என்று ஒரு மனுஷனுக்கு ஒன்றாவது வேண்டும்.

இன்றைய வேலை:
1. பிரஸ்ஸில் நோட்டீஸ் பிழை பார்ப்பது.
2. ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் பேப்பர் திருத்துவது.
3. தங்கை தனம் வீட்டுக்குக் கேப்பை மாவு.

முதல் வேலை மட்டும் முடிந்தது.

நோட்டீஸ் இப்படி: 'மாபெரும் கால்பந்துப் போட்டி. விழுப்புரம் ஜங்ஷன் குழு, திண்டிவனம் குழு மோதும். 22ஆம் தேதி ஞாயிறு மாலை 4 மணி, திண்டிவனம். விழுப்புரம் அணியை நடத்துபவர் பிரேசில் நாட்டு மேனேஜர் திரு. செலஸ்தீனோ. (வெறும் டெக்னீசியன் அல்ல!)'

அடைப்புக்குறிக்குள் இருப்பது எங்கள் குழுத் தலைவர் அரிசி மில் கோதண்டம் சொல்லிப் போட்டது. போன வருடம் அவர் வீட்டு டி.வி.யில் உலகக் கோப்பை பார்த்ததிலிருந்து அவருக்குப் பிரேசில் பைத்தியம். பிரேசில் தோற்ற மறுநாள் மில்லைத் திறக்கவில்லை. போன மாதம் முந்திரி பார்க்கக் பாண்டிச்சேரி தாண்டி வெளிநாட்டுக்காரர்கள் குடியேறியிருக்கும் குயிலாப்பாளையம் பக்கம் போனவர், தோப்பில் ஒருவர் பந்தைக் காலிலேயே வைத்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டால் பிரேசில். விடுவாரா? ஜீப்பில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார்.

நான் குழுவின் செயலாளர். பந்து உதைக்கத் தெரிந்ததற்காக இல்லை, இங்கிலீஷ் தெரிந்ததற்காக. செலஸ்தீனோவின் (இனி செ.) இங்கிலீஷ் அரை. என்னுடையது முக்கால். தலைவர் வீட்டில் வைத்து அவரிடம் கேட்டேன், பிரேசிலில் என்ன வேலை என்று. 'டெக்னீசியன் நோ நோ. மேனேஜர். ஒன்லி மேனேஜர்' என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அப்படியே தமிழில் சொன்னேன். தலைவருக்குப் பூரிப்பு.

"டெக்னீசியன்னா நம்ம ரேடியோ ரிப்பேர்காரன். மேனேஜர்னா பேங்க் மேனேஜரு மாதிரி, மேல் பதவி. இன்னா சார், கரெக்ட்டா?"

கரெக்ட் என்றேன். கோச் என்று போடலாமா என்றேன். "ஜங்ஷன் ஊர்ல கோச்சுன்னா ரயிலு பெட்டிதான் சார், வேணாம்" என்றுவிட்டார்.

எனக்குப் போட்டி முக்கியமில்லை. பயம் வேறு. 22ஆம் தேதி ரயில்வேயிலிருந்து ஒரு அதிகாரி வந்து ஆட்டம் பார்க்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு பேரை எடுக்கப் போகிறார்களாம். எங்கள் சென்டர் ஃபார்வர்ட் ஏழுமலை, என் தனத்தின் புருஷன். வயது வரம்பில் இதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. சர்க்கரை ஆலையில் சீசன் வேலையில் இருந்தான். இரண்டு வேளையும் பயிற்சி என்றதும், 'வேலையை விட்டுடட்டுமா மச்சான்' என்று என்னைத்தான் கேட்டான். பிரேசில் மேனேஜரே வந்திருக்கிறார், தைரியமாக விடு என்றேன்.

தைரியத்தைப் பற்றி நான் பேசியிருக்கிறேன்.

11.2.87, புதன்

பனி குறைவு. பள்ளி முடிந்து நேராக மைதானம்.

செ.வின் பயிற்சி விநோதம். முதல் அரை மணி பூட்ஸ் கயிறு கட்டும் பாடம். பிறகு எல்லோரையும் உட்காரவைத்து நகம் பார்த்தார். நீளமாக இருந்தவனுக்கு அவரே வெட்டிவிட்டார். யார் காலையில் என்ன சாப்பிட்டது என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார். கோல் கீப்பர் 'கோலி' மணிக்கு ஒரே கூழ். அவன் வீட்டில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், இருக்குமா என்று கேட்கச் சொன்னார். ஊறவைத்துத் தின்ன வேண்டுமாம்.

பந்தை எங்கே அடிப்பது, யார் எங்கே நிற்பது என்று ஒரு வார்த்தை இல்லை. 'யூ ப்ளே, யூ நோ' என்கிறார், ஆடுகிறவனுக்கே தெரியும் என்ற அர்த்தத்தில். பையன்களுக்கு அதுவே பிரமிப்பு. இதுதான் பிரேசில் டெக்னிக் என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் பெயர் எங்கள் மாதா கோயில் தெருவில் இரண்டு பேருக்கு இருக்கிறது. எல்லோரும் 'செலஸ்டின் அண்ணே' ஆக்கிவிட்டார்கள். வயது ஐம்பத்தாறு. கறுத்த, உலர்ந்த தேகம். வேட்டி கட்டினால் கண்டாச்சிபுரம் சந்தைக்கு வந்தவர் என்றே சொல்வார்கள்.

ஏழுமலை இடது காலைக் கொஞ்சம் தாங்கி ஓடுகிறான். என் கண்ணுக்குத்தான் அப்படியா? எனக்கு எல்லாமே நொண்டுவது போலத்தான் தெரியும்.

13.2.87, வெள்ளி

இந்த நாள் என் வாழ்வில் வராமலே இருந்திருக்கலாம்.

தலைவர் ஒரு வாழ்த்து மடல் எழுதச் சொல்லியிருந்தார். போட்டியன்று மேடையில் படித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, செ.வுக்குக் கொடுப்பதற்கு. அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அதில் வேண்டும். அவர் பாண்டிச்சேரி பஸ் ஏறும் முன் டீக்கடையில் உட்காரவைத்து, நோட்டும் பேனாவுமாகக் கேட்டேன். வருஷ வாரியாக.

ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து போட்டோக்களை எடுத்தார். பழுப்பேறியவை. ஒவ்வொன்றிலும் பதினோரு பேர் வரிசை. ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, தோளில் துண்டும் கையில் பையுமாக ஒருவர். அதுதான் அவர்.

நடுவில் விசிலோடு நிற்பவர் யார்? 'டெக்னீசியன்' என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. டெக்னீசியன் ஏன் நடுவில் நிற்கிறார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விளக்கினார். அவர்கள் பாஷையில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர், யார் ஆடுவது என்று முடிவு செய்பவர், ஜெயித்தால் தோளில் தூக்கப்பட்டுத் தோற்றால் துரத்தப்படுபவர், அவர்தான் டெக்னீசியன். மேனேஜர் என்பது வேறு. பூட்ஸ், துணி வெளுப்பது, சாப்பாடு, பஸ், டாக்டர், தங்குமிடம். 'டெக்னீசியன் சே ஹூ ப்ளே. மேனேஜர் சீ தே ஈட்.' அவர் யார் ஆடுவது என்பார், இவர் எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்ப்பார்.

அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். நெஞ்சில் கை வைத்து, மறைக்காமல், 'நான் டெக்னீசியன் இல்லை' என்றுதானே சொன்னார்? அதை நான் பெருமையாக மொழிபெயர்த்தேன். அடைப்புக்குறி போட்டு அச்சடித்தும் ஆயிற்று.

மீதியையும் எழுதிக்கொண்டேன், கை பாட்டுக்கு எழுதியது. பதினேழு வயதில் ஆற்றோரத்து ஊர் ஒன்றில் சாமான் அறைக் காவல். பிறகு வரிசையாகப் பதினோரு கிளப்புகள். ஒரே வருடத்தில் மூன்று டெக்னீசியன்கள் மாறிய கிளப்பும் உண்டாம். அவர்கள் போவார்கள், இவர் இருப்பார். சில இடங்களில் அவர்களோடு சேர்த்து இவரையும் அனுப்பியிருக்கிறார்கள். எப்போதாவது நீங்களே அணியை நடத்தியதுண்டா என்று கேட்டேன். கெஞ்சுகிற குரலில் கேட்டேன் என்று நினைக்கிறேன். ஒரு தடவை. டெக்னீசியனுக்குக் காய்ச்சல். அதே பதினோரு பேரை இறக்கிவிட்டு ஜபம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தோல்வி. மறுநாள் டெக்னீசியனுக்குக் காய்ச்சல் விட்டது. பன்னிரண்டாவது கிளப் கிடைக்காததால் நாடு நாடாகச் சுற்றி இங்கே வந்து முந்திரிக் கன்றுக்குத் தண்ணீர் விடுகிறார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

14.2.87, சனி

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லை என்கிறது.

பயங்கள்:
அ. தலைவருக்குத் தெரிந்தால் ஊர் பார்க்க என்னைக் கேட்பார். அவர் எங்கள் பள்ளிக் கமிட்டியிலும் இருக்கிறார்.
ஆ. இங்கிலீஷ் வாத்தியாருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பார்கள். பையன்கள் கரும்பலகையில் எழுதுவார்கள்.
இ. திண்டிவனத்துக்காரர்கள்.
ஈ. ஏழுமலை வேலையை விட்டது.

'ஈ' தான் முதலில் வந்திருக்க வேண்டும். எழுதிய வரிசையைப் பார்த்தால் நான் எப்படிப்பட்டவன் என்று தெரிகிறது.

வாழ்த்து மடலை உட்கார்ந்து எழுதினேன். 'பதினோரு கழகங்களை நிர்வகித்த செம்மலே' என்று. நிர்வகித்த! அது பொய்யில்லை. தமிழ்த் தாய் காப்பாற்றினாள். அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தேன்.

மல்லிகா கேட்டாள், "இன்னாங்க, பேயறைஞ்ச மாதிரி கீறீங்க? மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் சுத்திக்கினு வரலாமா?" அமாவாசைக்குப் போகலாம் என்றேன். அதற்குள் போட்டியே முடிந்துவிடும்.

15.2.87, ஞாயிறு

காலைப் பயிற்சி. எங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். ஏழுமலை திரும்பும்போது கால் ஊன்றியது ஒரு பக்கம், உடம்பு போனது ஒரு பக்கம். விழுந்தவன் உடனே எழுந்துவிட்டான். முட்டி வீங்கிவிட்டது.

செ. ஓடிவந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகம் நான் எதிர்பார்க்கவில்லை. மண்டியிட்டு, முட்டியை இரண்டு கையாலும் பிடித்து, கீழ்க்காலை மெல்ல முன்னால் இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசினார். நிறையப் பேசினார். எனக்கு எல்லாம் புரிந்தது. என் இங்கிலீஷுக்கு இன்று ஒரு குறையும் இல்லை.

அவர் சொன்னது இது: இந்தக் கால் ஆடக்கூடாது. உள்ளே இருக்கும் நார் பாதி அறுந்திருக்கிறது. இந்த மாதிரி முட்டி போனவர்கள் எத்தனையோ பேரை இந்தக் கைகளால் தூக்கியிருக்கிறேன். மூன்று மாதம் சும்மா இருந்தால் நடையாவது மிஞ்சும். அடுத்த ஞாயிறு ஆடினால் மீதியும் போகும், ஆயுசுக்கும் நொண்டி. அவனிடம் சொல். இப்போதே சொல்.

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவரும். ஏழுமலையும்.

நான் சொன்னேன்: "ரெண்டு நாள் ஓய்வு எடுக்கணும்னு சொல்றார். ஒத்தடம் குடுக்கணுமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

கோலி மணி, "அவுரு அவ்ளோ நேரம் பேசினாரே சார், நீங்க ஒரு வரியில முடிச்சிட்டீங்க" என்றான். இங்கிலீஷ் அப்படித்தான், நீட்டி முழக்கும் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வேலையை விடச் சொன்னவன் நான். அது போய், இதுவும் போய், தனத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயத்தில் வாய் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

16.2.87, திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பனி இனி இல்லை என்று நினைக்கிறேன்.

நாள் முழுக்க எனக்கு நானே வக்கீல். அவர் என்ன டாக்டரா? பூட்ஸுக்குக் கயிறு கட்டினவர். அவரே டெக்னீசியன் இல்லை என்கிறார். முட்டியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இந்த வாதத்தை ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். ஆறு தடவை எடுபட்டது.

வகுப்பில் இறந்தகாலம் எடுத்துக்கொண்டிருந்தவன் எதிர்காலத்தைப் போர்டில் எழுதிவைத்தேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து திருத்தினாள்.

சாயங்காலம் தனம் வந்தாள். கையில் முருங்கைக்கீரை. அதைக் கொடுப்பதற்காக வரவில்லை என்று வாசலிலேயே தெரிந்தது. பொதுவாக ஏதேதோ பேசிவிட்டு, எழுந்து போகும்போது கேட்டாள்.

"அந்த பிரேசில்காரரு நெசமா இன்னா சொன்னாரு ணா?"

ஓய்வு எடுக்கச் சொன்னார் என்றேன். "நீ சொன்னா சரி" என்று போய்விட்டாள். எனக்கு அப்பா இல்லாத வீட்டில் மூத்தவனாக இருந்து பழக்கம். அவள் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதும், கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் இதே மூன்று வார்த்தையைச் சொல்லித்தான்.

கீரையை மல்லிகா பொரியல் பண்ணினாள். தட்டின் ஓரம் ஒதுக்கிவைத்தேன்.

17.2.87, செவ்வாய்

அரை நாள் லீவு. ஏழுமலையைக் கண்டாச்சிபுரம் கூட்டிப்போனேன். அங்கே எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர், கைராசிக்காரர் என்று பெயர்.

எதற்குக் கூட்டிப்போனேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் வாயால் 'ஆடாதே' என்று வந்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் போகும்போது அதைத்தான் வேண்டிக்கொண்டே போனேன்.

அவர் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், எண்ணெய்க் கட்டு மூன்று நாள் போதும் என்றார். வீக்கமும் வடிந்திருந்தது. ஏழுமலை எழுந்து நாலடி நடந்து காட்டினான். நானே நம்பிவிடுவேன் போல இருந்தது.

திரும்பும்போது ஜன்னலோரம் அவன். ரயில்வே வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் தருவார்களா, தனத்துக்கு மாடி வீடு பிடிக்காது, கீழ் வீடு கேட்டு வாங்க முடியுமா என்று விசாரித்தான். முடியும் என்றேன். கேட்டதற்கெல்லாம் முடியும் என்றேன்.

19.2.87, வியாழன்

செ. நாலு நாள் கழித்து வந்தார். வந்ததும் மைதானத்தில் ஏழுமலை ஓடுவதைப் பார்த்தார். பையை அப்படியே போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

நீ அவனிடம் சொன்னாயா?

சொன்னேன் என்றேன். சொன்னேன், அவன் கேட்கமாட்டேன் என்கிறான், பிடிவாதக்காரன் என்றேன்.

இப்போது பொய் இரண்டு பக்கமும் ஆயிற்று. தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. நடுவில் நான் ஒருத்தன்தான் வழி. நான் அடைத்தால் அந்தப் பக்கத்து வார்த்தை இந்தப் பக்கம் வராது. இப்படி ஒரு அதிகாரம் எனக்கு இதுவரை இருந்ததில்லை.

செ. கோபப்படவில்லை. என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துகொண்டார். ஏழுமலையைப் பார்த்தபடியே சொன்னார். கால் போனவனை ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவதும் மேனேஜர் வேலைதானாம். டெக்னீசியன் வரமாட்டார், கிளப் முதலாளி வரமாட்டார். மேனேஜர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் அவன் இரண்டு கையிலும் ஊன்றுகட்டை இருக்கும். ஜன்னல் பக்கம் சீட் பிடித்துக் கொடுத்து, பஸ் நகரும்வரை நிற்க வேண்டும். அவன் கேட்பானாம், அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவீர்களா என்று. ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதுவும் வேலையில் சேர்த்தி.

பிறகு எழுந்து போய் ஏழுமலையின் தோளைப் பிடித்து நிறுத்தினார். தனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தையில் இரண்டை எடுத்துச் சொன்னார்.

"வேணாம், தம்பி."

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கோல் கம்பத்தில் சுண்ணாம்பு உரிந்திருப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

20.2.87, வெள்ளி

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக் கிளம்பினேன். சைக்கிளில் போகும்போதே வாக்கியம் தயார். 'மாப்ளே, அன்னைக்கு நான் ஒன்னு தப்பா சொல்லிட்டேன்.' பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். பதினோராவது தடவை அவன் முன்னால் சொன்னால் போதும்.

வீட்டில் தலைவர் உட்கார்ந்திருக்கிறார். புது ஜெர்சி கொண்டுவந்திருக்கிறார், மஞ்சள். ஏழுமலை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். தனம் எட்ட நின்று பார்க்கிறாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இவுரு கோல் போட்டு நம்ம ஊருக்குப் பேரு வாங்கித் தரலைன்னா என் பேரு கோதண்டம் இல்ல சார்" என்கிறார் தலைவர்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

21.2.87, சனி

திண்டிவனம் போனேன், ஏற்பாடு பார்க்க. வெயில். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் எங்கள் நோட்டீஸ். 'வெறும் டெக்னீசியன் அல்ல!' என்று ஊர் முழுக்க நான் மொழிபெயர்த்த பொய் ஒட்டியிருக்கிறது. பசை காயாத ஒன்றை ஒரு மாடு நக்கிக்கொண்டிருந்தது. நல்லா நக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் செயலாளர், உரக்கடைக்காரர், மடக்கி மடக்கிக் கேட்டார். உங்கள் மேனேஜர் எந்த உலகக் கோப்பையில் இருந்தார்? பதினோரு கழகங்கள் என்றேன். பெயர்? வாழ்த்து மடலில் வரும் என்றேன். "பெரிய ஆளுதான் போல" என்றார், நம்பாத குரலில்.

போன வாரமானால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். இன்று அந்தப் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஊர் சிரிக்கட்டும், தலைவர் காறித் துப்பட்டும். ஒரு முட்டிதான் கண்ணில் நிற்கிறது.

மைதானத்தை நடந்து பார்த்தேன். வடக்குக் கோல் பக்கம் தரை மேடு பள்ளம். ஓரிடத்தில் நண்டு வளை மாதிரி குழி. குனிந்து கையால் மண் தள்ளி மூடினேன். இன்னும் இரண்டு மூடினேன். காவல்காரர் என்ன சார் தேடறீங்க என்றார். பேனா என்றேன்.

நாளை காலை, பஸ் கிளம்பும் முன் சொல்லிவிடுவேன்.

22.2.87, ஞாயிறு, காலை

சொல்லவில்லை. இப்போது மணி பதினொன்று. பஸ் பன்னிரண்டுக்கு.

ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றான். எண்ணெய்க் கட்டை அவிழ்த்துவிட்டான். 'எப்படி இருக்கு' என்றேன். 'இருக்கு மச்சான்' என்றான். அவ்வளவுதான் பேச்சு.

கோலி மணி வாழைப்பழம் இரண்டு கொடுத்தான், செலஸ்டின் அண்ணன் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார் என்று. சாப்பிட்டேன். என்ன பிறவி நான்.

23.2.87, திங்கள், விடிந்தபின்

பள்ளிக்கு லீவு. வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

நல்ல கூட்டம். ரயில்வே அதிகாரி வெள்ளைச் சட்டையில், நாற்காலியில். வாழ்த்து மடலை நான்தான் படித்தேன். 'நிர்வகித்த' என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஜனங்கள் உணர்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள். செ. கண்ணாடிச் சட்டத்தை வாங்கி, உடையாமல் துண்டில் சுற்றிப் பையில் வைத்தார்.

ஏழுமலை முதல் இருபது நிமிஷம் அபாரமாக ஆடினான். ஒரு கோல், தலையால். அதிகாரி எழுதிக்கொண்டார், பார்த்தேன். கடவுளே, செ. சொன்னது தப்பு என்று இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால் பந்தை வாங்கித் திரும்பினான். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. யாரும் தள்ளவில்லை. வடக்குப் பக்கமும் இல்லை, குழியும் இல்லை. சமதரையில் சும்மா திரும்பினான். சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவர்கள் கேட்கவில்லை என்கிறார்கள்.

செ.தான் முதலில் போனார். கார்னர் கொடிக் கம்பைப் பிடுங்கி, துண்டைக் கிழித்து, காலை அசையாமல் கட்டினார். நாலு பேரை நிறுத்தி, யார் எங்கே பிடிப்பது என்று கையாலேயே காட்டித் தூக்கவைத்தார். பதினோரு கழகம் இதற்குத்தான் போல. "பார்த்தீங்களா சார், பிரேசில் மேனேஜர்னா சும்மாவா" என்றார் தலைவர் என் காதில். அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. யாருக்குமே தெரியாது. பத்து நாளாக நான் நடுங்கிய விஷயம் நடக்கவே இல்லை.

ரயில்வே அதிகாரி மணியின் பெயரையும், ஃபுல்பேக்காக ஆடிய ஒருவன் பெயரையும் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜீப்பில் பின்னால் நானும் ஏழுமலையும். அவன் கால் என் மடியில். முன்னால் செ. வலி பொறுக்காமல் அவன் என் கையைப் பிடித்திருந்தான். எனக்குத் தாங்கவில்லை. மாப்ளே, அன்னைக்கு அவர் வேற சொன்னார், நான்தான் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மச்சான்."

என் கையை இறுக்கினான். பிறகு, கண்ணை மூடியபடியே:

"அவுரு கையி என் முட்டியப் புடிச்சப்பவே தெரிஞ்சிக்கினேன். யாராச்சும் ஒருத்தர் ஆடலாம்னு சொல்லமாட்டாங்களான்னு இருந்திச்சு. நீங்க சொன்னீங்க."

திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்தார். செ. பதினைந்தாம் தேதி சொன்னதைத்தான் அவரும் சொன்னார், தமிழில். இனி கெட்டியாக ஊன்றி நடப்பது கஷ்டம். ஆட்டத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இருட்டியதும் தனம் வந்துவிட்டாள், மல்லிகாவோடு. அழவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். வாசலில் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்த செ.வைப் பார்த்தாள். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பொதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு அவுரு இன்னாதான் சொன்னாரு?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் ஏழுமலை, மேலே விட்டத்தைப் பார்த்தபடி, நான் மைதானத்தில் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான்.

"ரெண்டு நாள் ஓய்வு எடுக்கணும்னு சொன்னாரு. ஒத்தடம் குடுக்கணும்னாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்னாரு. அவ்ளோதான்."

தனம் என் பக்கம் திரும்பி, அப்படித்தானா ணா என்பது போல் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன்.